கோந்தின் பெயரும் கோந்து வந்த வழியும்

மரங்கள் தம் பட்டையின் புண்கள்வழிக் கசியவிடும் பொருள்களைக் குறிக்கத் தமிழில் சொற்களுக்குக் குறைவில்லை. பிசின், பயின், குங்கிலியம், குந்திரிக்கம், சாம்பிராணி என்பன நெடுநாளாகப் பழகிய பெயர்கள். கோந்து என்பது வடபுல மொழிகளில் வழங்கும் 'கோந்த்' என்பதிலிருந்து வந்து நம்மிடையே நிலைத்த சொல். அகராதிகளைப் புரட்டுவார்க்கு இப்பெயர்கள் ஒன்றற்கொன்று பொருளாய் நின்று சுழலுவனபோலத் தோன்றும். ஆயின் வணிகரும் தொழிலாளரும் இவற்றை என்றும் ஒன்றாகக் கருதியதில்லை. நீரிற் கரைவது அல்லது நீரை ஏற்று உப்புவது ஒருவகை. நீரிற் கரையாது எண்ணெயிலும் சாராயத்திலும் கரைவது மற்றொரு வகை. முன்னதைத் தணலிலிட்டால் கருகும், பின்னது உருகிப் புகையும், பெரும்பாலும் மணக்கும். வேலமரத்தினின்று எடுப்பது முன்வகை. குங்கிலியமும் சாம்பிராணியும் பின்வகை. அரக்கு மரத்தின் கசிவன்று. மரத்தில் வாழும் பூச்சியின் ஆக்கம். அறிவியல் நூலாருட் சிலர் பின்வகைக்கே 'பிசின்' என்னும் பெயரை வரையறுத்துக் கொண்டனர். மருத்துவ நூல்களும் மக்கள் வழக்கும் முன்வகையையும் பிசின் என்றே கூறுகின்றன. ஆகலின், இக்கட்டுரையில் நீரொடு பொருந்தும் முன்வகை கோந்து என்றும், நீரொடு பொருந்தாத பின்வகை குங்கிலிய இனம் என்றும் குறிக்கப்பெறும்.

இவ்வேறுபாடு சிறிதன்று. மரக்கலத்தின் பலகை இடுக்கை அடைக்கக் கோந்தைப் பூசினால் கலம் நீரில் இறங்கிய அன்றே அது கரைந்து போகும். அதற்குக் குங்கிலியத்தை எண்ணெயோடு காய்ச்சிப் பூசினர். மையில் குங்கிலியத்தை இட்டால் மை நீரொடு கலவாது. அதற்குக் கோந்தே வேண்டும். எனவே, பழைய நூலொன்றில் 'பிசின்' என வருமிடத்து எப்பிசின் என்பதை அதன் பயனை நோக்கியே துணிதல் வேண்டும். சொல்லை மட்டும் நோக்கித் துணிதல் இயலாது.

பொருளை வரையறுப்பதில் இத்தகைய இடர்ப்பாடு என்றால், பிறப்பிடத்தை வரையறுப்பதில் பெயர்கள் நம்மை இன்னும் மிகுதியாக மயக்குவன. கோந்து வகைகளுக்கு வணிகவுலகம் இட்ட பெயர்களுட் பல, மரத்தையோ மரம் வளரும் நாட்டையோ சுட்டுவன அல்ல. சரக்கு ஏற்றப்பெற்ற துறைமுகத்தை, அல்லது அதனைக் கொணர்ந்த மக்களைச் சுட்டுவன. அரபுக் கோந்து என்பதே இதற்குத் தலையாய சான்று. அது பெரும்பாலும் அரேபியாவில் விளைவதன்று. ஆப்பிரிக்கக் கண்டத்தில், சகாராப் பாலைக்குத் தெற்கே செனகல் முதல் சூடான் வரை கிடக்கும் வறண்ட நிலப்பட்டையில் விளைவது. அரபு வணிகர் கையினின்று பெற்றமையால் ஐரோப்பியர் அதற்கு அப்பெயரிட்டனர். 1874இல் புளூக்கிகர், ஆன்பரி என்னும் இருவர் வெளியிட்ட 'பார்மகோகிராபியா' என்னும் மருந்துப்பொருள் வரலாற்று நூலைப் பார்ப்பார்க்கு இவ்வுண்மை நன்கு புலப்படும். எகிப்தின் வழியாக வந்த கோர்டோபான் நாட்டுக் கோந்து 'துருக்கிக் கோந்து' எனப்பட்டது. எகிப்து அன்று துருக்கியப் பேரரசிற்கு உட்பட்டிருந்தமையே காரணம். ஜெத்தாத் துறைமுகத்தின் வழி வந்தது 'ஜெத்தாக் கோந்து'. மொராக்கோவின் மொகடோர்த் துறையினின்று ஏற்றப்பெற்றது 'பார்பரிக் கோந்து'. இவற்றினும் வியப்பானது 'கிழக்கிந்தியக் கோந்து' என்பது. அது செங்கடற் கரையிலும் சோமாலிக் கரையிலும் திரட்டப்பெற்று ஏடன் முதலிய துறைகளின் வழியாகப் பம்பாய்க்கு வந்து, அங்கிருந்து மீண்டும் ஐரோப்பாவிற்கு ஏறிய ஆப்பிரிக்கச் சரக்கே. இந்தியாவின் மரம் ஒன்றும் அதில் கசிந்ததில்லை.

இந்தியாவிலேயே பிறந்த 'காட்டிக் கோந்து' என்பதன் பெயரும் வழியைச் சுட்டுவதே என்பர். அது வெக்காலி மரத்தினின்று கிடைப்பது. மலைக் கணவாய்களைக் குறிக்கும் 'காட்' என்னும் சொல்லினின்று அப்பெயர் வந்தது. காட்டுமக்கள் திரட்டிய கோந்து கணவாய்களைக் கடந்து துறைமுகம் சேர்ந்தமையால் கணவாய்க் கோந்தாயிற்று. இதில் வரும் 'காட்டி' என்பதைத் தமிழ்க் 'காடு' எனக் கொண்டு பொருள் கூற முனைதல் வேண்டா.

குங்கிலிய இனத்திலும் இதே நிலைதான். சாம்பிராணியின் ஒருவகைக்கு அரபியர் இட்ட பெயர் 'லுபான் ஜாவி'. சாவகத்துக் குந்திரிக்கம் என்பது பொருள். அவர்கள் ஜாவா என்றது பெரும்பாலும் சுமத்திராவை. இப்பெயரின் முதலெழுத்தைத் தம்மொழியின் சுட்டிடைச்சொல் எனப் பிழைபடக் கருதி ஐரோப்பியர் விட்டுவிட, எஞ்சியது 'பென்சூயி' என்றாகிப் பின்னர் 'பென்சாயின்' ஆயிற்று. அப்பொருளினின்று எடுத்த அமிலம் 'பென்சாயிக் அமிலம்' எனப்பட, அவ்வமிலத்தைச் சுண்ணாம்பொடு வடித்து மிட்செர்லிக் என்னும் செருமானிய வேதியலறிஞர் 1833–34 ஆம் ஆண்டுகளில் பெற்ற நீர்மத்தின் பெயரும் அதனடியாகவே பிறந்தது. இன்று வேதியல் மாணவர் அனைவரும் அறிந்த 'பென்சீன்' என்னும் சொல்லுள் ஒரு தீவின் பெயர் சிதைந்து கிடப்பதை அவர்கள் அறியார். அத்தீவின் மேலைக் கரையில், கருப்பூரமும் சாம்பிராணியும் விளையும் மலைநாட்டிற்குத் துறையாயிருந்த பாரூசுக்கு அருகே லோபு துவா என்னுமிடத்தில், சக ஆண்டு 1010க்குரிய, அதாவது கி.பி. 1088க்குரிய, ஐந்நூற்றுவர் வணிகக் குழுவின் தமிழ்க் கல்வெட்டு கிடைத்துள்ளது. தமிழ் வணிகர் அத்துறையில் நிலைபெற்றிருந்தமைக்கு அது சான்று.

நம் வழக்கும் இவ்வியல்பினின்று நீங்கியதன்று. சீனநாட்டுக் கிழங்கொன்றைப் 'பறங்கிப்பட்டை' என்றும், குந்திரிக்க வகையொன்றைப் 'பறங்கிச் சாம்பிராணி' என்றும் தமிழர் வழங்கினர். பறங்கியர் நாட்டில் இவை விளைந்தனவல்ல. பறங்கியர் கொணர்ந்தனர், அல்லது விரும்பி வாங்கினர். பண்டத்தின் பெயர் அது நடந்துவந்த வழியின் சுவடு எனக் கொள்ளின் இப்பெயர்களிற் பிழையில்லை. பிறப்பிடச் சான்று எனக் கொள்ளின் பிழை நம்மதே.

இனி, அரபுக் கோந்தின் வரலாற்றிற்கு வருவோம். அதனைத் தருவது வேலமர இனத்தைச் சேர்ந்த சிறு முள்மரம். சூடானில் அதனை 'அசாபு' என்பர். மழைக்காலம் முடிந்து, அக்டோபர், நவம்பர் மாதங்களில் இலை உதிரத் தொடங்குங்கால், கிளைகளின் பட்டையைக் கோடரியாலோ ஈட்டி போன்ற கருவியாலோ கீறி நீளவாக்கில் உரித்துவிடுவர். நான்கு முதல் ஆறு வாரங்களில் அப்புண்களில் கோந்து முத்து முத்தாகத் திரண்டு இறுகும். அதன்பின் ஏறத்தாழ இரு வாரங்களுக்கு ஒருமுறை கோடைத் தொடக்கம்வரை சென்று பறிப்பர். ஒரு மரம் ஒரு பருவத்தில் தருவது சராசரியாகக் கால் கிலோகிராம் அளவினதே. மரம் செழித்த நிலத்திலும் மிகுமழையிலும் நன்கு கசிவதில்லை. வறட்சியும் வெப்பமுமே கோந்தைப் பெருக்குவன. எனவே கோந்து ஏழை நிலத்தின் விளைவு. வேறொன்றும் விற்பதற்கு இல்லாத மக்கள், வேறு வேலை இல்லாத மாதங்களில் திரட்டும் பண்டம் அது.

அதன் சிறப்பு யாது? ஏனைய கோந்துகள் சிறிதளவு இட்டாலே நீரைக் கூழாக்கிவிடும். அரபுக் கோந்தோ தன் எடையளவு நீரிலும் கரைந்து, ஊற்றக்கூடிய நெகிழ்ச்சியோடு நிற்கும். உலர்ந்தபின் பளபளப்பான மெல்லிய ஏடாகும். மீண்டும் நீர் பட்டால் தடமின்றிக் கழுவப்படும். நுண்துகள்களை அடியிற் படியவிடாது நீரில் ஏந்தி நிற்கும். இந்நான்கு இயல்புகளே அதன் நெடுங்கால வரலாற்றை இயக்கின எனலாம்.

எகிப்தியர் இதனை மிகப் பழங்காலத்திலேயே அறிந்திருந்தனர். பிணங்களைப் பதப்படுத்திச் சுற்றும் துணிப்பட்டைகளில் அவர்கள் கோந்து பூசியதையும், பசைக்கு மாற்றாக அதனையே பெரிதும் வழங்கியதையும் எரோதோத்தசு தம் வரலாற்றின் இரண்டாம் நூலில் குறித்துள்ளார். பழைய எகிப்தியச் சொல்லே கிரேக்கத்திற் 'கொம்மி' ஆகி, இலத்தீன் வழியாக ஆங்கிலத்தின் 'கம்' ஆயிற்று. விளக்குக்கரியும் கோந்தும் நீரும் சேர்ந்ததே பழைய கருமை. பின்னர் ஐரோப்பாவில் நூற்றாண்டுகள் பல வழங்கிய மாசிக்காய் மையிலும், மாசிக்காய்ச் சாறு, அன்னபேதி ஆகியவற்றொடு மூன்றாவது உறுப்பாகக் கோந்து நின்றது. கருந்துகள் அடியிற் படியாதிருக்கவும், இறகின் நுனியினின்று மை ஒழுங்காக இறங்கவும், தாளில் பரவாது நிற்கவும் அது தேவைப்பட்டது.

தமிழ் எழுத்தாளர்க்கு இத்தேவை இருந்ததில்லை. பனையோலையில் எழுத்தாணி எழுத்தைக் கீறியது. கீறலில் கரியும் இலைச்சாறும் தேய்க்கப்பட்டன. ஓலையின் வரியே கருமையைத் தாங்கிற்று. ஓவியர் விளாம்பிசினையும், மருத்துவர் கருவேலம் பிசினையும் அறிவர். ஏடெழுதுவார்க்கு மட்டும் பிசின் இன்றியமையாததாக இருக்கவில்லை. தாளும் உறையும் அலுவலகமும் வந்தபோது அவற்றொடு ஒட்டும் பொருளும் வந்தது. பொருளொடு 'கோந்து' என்னும் அயற்பெயரும் வந்தது போலும். மருந்துக் கடையிலுள்ளது பிசின், அலுவலக மேசையிலுள்ளது கோந்து என்னும் இன்றைய வழக்கு வேறுபாட்டிற்கு வேறு காரணம் காண்டல் அரிது.

மை சிறுதொழில். கோந்தைப் பேரரசுகள் போரிட்டுப் பெறும் பண்டமாக ஆக்கியது துணியச்சுத் தொழிலாகும். 17ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையின் வண்ணத்துணிகள் ஐரோப்பியரை மயக்கின. நெசவாளரின் எதிர்ப்பிற்கு அஞ்சிப் பிரான்சு 1686இல் அத்தகைய துணிகளின் இறக்குமதியையும் உள்நாட்டு அச்சிடுதலையும் தடுத்தது. இங்கிலாந்தும் 1721இல் பெரும்பாலான அச்சிட்ட பருத்தித் துணிகளை உடுத்தலைத் தடை செய்தது. தடை ஆவலை வளர்த்ததேயன்றிக் குறைக்கவில்லை. பிரான்சு 1759இல் தடையை நீக்க, அடுத்த ஆண்டே ஊய் என்னும் ஊரில் ஓபர்காம்பு தம் புகழ்மிக்க அச்சுச்சாலையைத் தொடங்கினார். இங்கிலாந்தின் தடை 1774இல் நீங்கியது.

இத்தொழிலில் கோந்திற்கு என்ன வேலை என்பதைச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். துணியில் முதற்கண் பதிக்கப்படுவது சாயமன்று. சாயம் பற்றுதற்குரிய படிகாரம் அல்லது இரும்புக் கரைசல் ஆகிய நிறமூன்றி. அது பதிந்த இடத்தில் மட்டுமே சாயவேரின் செம்மையோ கருமையோ நிலைக்கும். நிறமூன்றி தண்ணீர் போன்றது; துணியில் வைத்தவுடன் இழைவழியே பரவும்; பரவினால் கோடு சிதையும். சோழமண்டலக் கைவினைஞர் இதனைத் தீர்த்த வழி நுட்பமானது. துணியை முன்னரே கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் தோய்த்து உலர்த்தினர். பாலின் கொழுப்பு நிறமூன்றி பரவாது காத்தது. புதுச்சேரியில் வாழ்ந்த இயேசு சபைத் துறவி கேர்தூ 1742இல் எழுதிய மடலொன்றில் இம்முறையைப் படிப்படியாக விளக்கினார். வடமொழிக்கும் கிரேக்க இலத்தீன் மொழிகளுக்கும் உள்ள உறவை முன்னோடியாக எடுத்துக்காட்டியவர் என மொழிநூலார் போற்றும் அக்கேர்தூவே இவர். சாயத்தின் மறையை ஐரோப்பாவிற்கு உணர்த்தியவரும் அவரே என்பதை நம் துறையார் பெரிதும் நினைப்பதில்லை.

ஐரோப்பியர் பாலைக் கொள்ளவில்லை. தூரிகை கொண்டு எழுதுதலை விடுத்து, மரக்கட்டையாலும், 1752 முதல் செப்புத் தகட்டாலும், 1783இல் தாமசு பெல் உரிமம் பெற்ற உருளையாலும் விரைந்து பதித்த அவர்கட்கு, பதிக்கும் நீர்மமே கெட்டியாதல் வேண்டும். மாவுப்பசை பருங்கோட்டிற்கு ஆகும். நுண்கோட்டிற்கும் பட்டிற்கும் கோந்தே தக்கது. பதித்தபின் முற்றும் கழுவிக் களையலாம் என்பது அதன் மேம்பாடு. இவ்வாறு ஆப்பிரிக்கப் பாலைவிளிம்பின் கண்ணீர்த்துளி ஐரோப்பிய அச்சுச்சாலைகளின் அன்றாடத் தேவையாயிற்று.

அக்கோந்து அன்று பெரும்பாலும் செனகல் ஆற்றின் வடகரையினின்று வந்தது. பிரெஞ்சுக்காரர் 1659இல் ஆற்றுமுகத்தில் சேன் லூயி என்னும் குடியிருப்பை அமைத்தனர். வடக்கே ஆர்கின், போர்ட்டெண்டிக் என்னும் கடற்றுறைகள். ஆர்கின் கோட்டை போர்த்துக்கேசியர், ஒல்லாந்தர், பிராந்தென்பர்க்கார், பிரெஞ்சுக்காரர் கைகளில் மாறி மாறிச் சென்றதற்குக் கோந்தும் ஒரு பெருங்காரணம். கோந்துமரக் காடுகள் திரார்சா, பிராக்னா முதலிய மூர் இனத்தலைவர் ஆட்சியில் இருந்தன. ஐரோப்பியர் அக்காடுகளை அணுகியதில்லை. பறித்தவர் பெரும்பாலும் அடிமைகள்; கறுப்பின ஆடவரும் பெண்டிரும் முட்காட்டில் வெயிலில் அலைந்து திரட்டினர். ஒட்டகத்திலும் எருதிலும் ஏற்றி ஆற்றங்கரையின் பருவச் சந்தைகளுக்குக் கொணர்ந்தனர். சந்தை திறக்கும் முன் தலைவர்க்கு வணிகர் ஆண்டுக்கொடை அளித்தல் வேண்டும். எவ்விலைக்கு எவர்க்கு விற்பது என்பதில் மூர்களின் கையே ஓங்கியிருந்தது. சேன் லூயியில் விலை படியாவிடில் போர்ட்டெண்டிக்கில் ஆங்கிலேயர்க்கு விற்பர்.

1758இல் ஆங்கிலேயர் சேன் லூயியைக் கைப்பற்றினர். அதற்குத் திட்டம் வகுத்துப் பிட் அமைச்சரிடம் வற்புறுத்தியவர் தாமசு கம்மிங் என்னும் கோந்து வணிகர். அவர் போரை அறவே வெறுக்கும் குவேக்கர் சமயத்தார் என்பதை வரலாற்றாசிரியர் குறியாது விடுவதில்லை. குருதி சிந்தாமலே கோட்டை கைக்கு வரும் என அவர் நம்பினாராம். கோட்டையும் பெரிதும் எதிர்க்காமல் பணிந்தது. 1763 உடன்படிக்கையில் கோரே தீவைத் திருப்பித்தந்த இங்கிலாந்து, செனகலைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. பிரெஞ்சுக்காரர் 1779இல் அதனை மீட்க, 1783 உடன்படிக்கை அதனை உறுதி செய்தது. ஆயினும் போர்ட்டெண்டிக் கரையில் கோந்து வாங்கும் உரிமை ஆங்கிலேயர்க்கு உண்டு என அவ்வுடன்படிக்கையிலேயே எழுதப்பட்டது. 1857இல் காம்பியா ஆற்றங்கரையின் அல்பிரேடாவைப் பெற்றுக்கொண்டு ஆங்கிலேயர் அவ்வுரிமையைக் கைவிட்டனர். உலகப் பேரரசுகள் இரண்டன் அமைதி உடன்படிக்கையில் ஒரு மரத்தின் கசிவு தனியே இடம்பெற்றது எண்ணத்தக்கது.

மூர்கள் கோந்திற்கு விலையாக எதனைப் பெற்றனர் என்பதே தமிழ் ஆய்வாளர் உற்றுநோக்க வேண்டிய பகுதி. துப்பாக்கியும் இரும்பும் பிறவும் பெற்றனர். ஆயினும் அவற்றுள் தலையாயது 'கினே' எனப் பிரெஞ்சுக்காரர் வழங்கிய நீலத்துணி. அவுரிச் சாயம் செறியத் தோய்த்த பருத்தித்துணி அது. ஒரு பாவு ஏறத்தாழ 15 முதல் 16 மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் உடையது. கினி என்னும் ஆப்பிரிக்கக் கரைக்குச் செல்வதாகலின் அப்பெயர் பெற்றது. இங்கும் பெயர் சேருமிடத்தைச் சுட்டுகிறதேயன்றிப் பிறந்த இடத்தைச் சுட்டவில்லை. பிறந்த இடம் புதுச்சேரியும் அதனைச் சூழ்ந்த சோழமண்டலக் கரையும் ஆகும். தமிழ் நெசவாளர் நெய்து, தமிழ்ச் சாயக்காரர் தோய்த்த துணி, பெரும்பாலும் பிரான்சின் துறைமுகங்களின் வழியாகச் செனகலை அடைந்தது. 18ஆம் நூற்றாண்டில் அது கோந்தை மட்டும் வாங்கவில்லை. மக்களையும் வாங்கியது என்பதை மறைத்தல் ஆகாது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அடிமை வாணிகம் ஒடுங்கக் கோந்தே செனகலின் முதன்மை ஏற்றுமதியாயிற்று. 'ஒரு கினே' என்பது ஆற்றங்கரைச் சந்தைகளில் கணக்கிடும் நாணய அளவாகவே ஆயிற்று. இத்தனைக் கினேக்கு இத்தனை எடைக் கோந்து என விலை பேசினர்.

பிரான்சின் ஆலைகள் இதனைப் போன்ற துணியை நெய்து விற்க முயன்றன. மூர்கள் ஏமாறவில்லை. தொட்டும், முகர்ந்தும், சாயம் தோலில் ஒட்டும் தன்மையைப் பார்த்தும் புதுச்சேரித் துணியைப் பிரித்தறிந்தனர். போலியும் மட்டச் சரக்கும் பெருகவே, கினேயின் அளவையும் தரத்தையும் வரையறுத்துப் பிரெஞ்சு அரசு 1843இல் ஆணை பிறப்பித்தது. எழுத்தறியாப் பாலைவணிகர் ஒருவரின் மூக்கு, புதுச்சேரிச் சாயச்சாலையின் பெயரைக் காத்தது எனின் மிகையாகாது.

இவ்விரு செய்திகளையும் இணைத்து நோக்கின் ஒரு முரண் வெளிப்படும். சோழமண்டலக் கரையின் நீலத்துணி கோந்தை வாங்கியது. அக்கோந்து ஐரோப்பிய அச்சுச்சாலைகளிற் பயன்பட்டது. அச்சாலைகள் வளர்ந்து, அதே கரையின் வண்ணத்துணிக்கு இருந்த உலகச் சந்தையைப் பறித்தன. நெசவாளரும் சாயக்காரரும் ஆகிய ஒரு சாரார்க்குப் பிழைப்புத் தந்த வாணிகமே, எழுத்துத்துணி வரைவோராகிய மற்றொரு சாராரின் பிழைப்பைக் கெடுத்த தொழிலுக்குத் துணைநின்றது. கோந்து ஒன்றே காரணம் என்பது பொருந்தாது. இயந்திரம், சுங்கம், ஆட்சி ஆகியவற்றின் பங்கு அதனினும் பெரிது. எனினும் நம் துணி வரலாற்றை எழுதுவோர் அச்சுத்துணியின் வீழ்ச்சியையும் நீலத்துணியின் ஏற்றுமதியையும் இருவேறு இயல்களில் வைத்து விடுகின்றனர். செனகற் கரையில் நின்று பார்ப்பார்க்கே அவை ஒரே கயிற்றின் இரு முனைகள் எனத் தெரியும்.

செனகலின் பிற்கால வரலாற்றை விரைந்து கூறிவிடலாம். 1854இல் ஆளுநரான பெதெர்பு ஆற்றுச் சந்தைகளையும் ஆண்டுக்கொடைகளையும் ஒழிக்க முற்பட்டுத் திரார்சாவுடன் போரிட்டார். நிலக்கடலை கோந்தின் இடத்தைப் பிடித்தது. வாணிகத்தின் நடுவிடம் கிழக்கே சூடானுக்கு மாறியது. முகம்மது அலியின் படை 1821இல் கோர்டோபானைப் பிடித்தபின் அந்நாட்டுக் கோந்து எகிப்தின் வழியாக மிகுதியாக வரலாயிற்று. 1881இல் எழுந்த மகுதி இயக்கம் 1883இல் எல் ஒபெய்து நகரைக் கைப்பற்ற, 1898வரை அவ்வழி பெரும்பாலும் அடைபட்டது. அவ்விடைவெளியில் மாற்றுப்பொருள் தேடிய ஐரோப்பிய வணிகர் இந்தியக் காட்டிக் கோந்தின்பால் கண் செலுத்தினர். 1909இல் போர்ட் சூடான் துறைமுகம் திறக்கப்பட்டதும், பின்னர் இருப்புப்பாதை எல் ஒபெய்தை எட்டியதும் அந்நகரின் ஏலச்சந்தையைக் கோந்துவுலகின் நடுவாக்கின.

இதற்கிடையே துணியச்சில் கோந்தின் தனியிடம் குறைந்து வந்தது. மாவுப்பொருளை வறுத்தால் அது நீரிற் கரையும் பசையாகும் என்பது 19ஆம் நூற்றாண்டில் அறியப்பட்டது. தெக்சுதிரின் எனப்படும் அப்பொருளுக்கு வணிகர் இட்ட பெயர் 'பிரிட்டிசுக் கோந்து'. எம்மரத்தினின்றும் கசியாத, கோந்தே அல்லாத ஒன்று கோந்தெனப் பெயர் பெற்றது. நாட்டின் பெயர் மட்டும் இம்முறை பொய்க்கவில்லை. மரக்கோந்திற்கு வேறு வேலைகள் வந்தன. 1796ஐ ஒட்டிச் செனபெல்டர் கண்ட கல்லச்சு முறையில், எழுதப்படாத இடத்தில் மை ஒட்டாதிருக்க அமிலம் கலந்த கோந்துநீரையே கல்லில் பூசினர். நம் நாட்டில் கல்லச்சில் வெளிவந்த நூல்களும் படங்களும் அவ்வகையில் கோந்திற்குக் கடன்பட்டவை.

இன்று அதன் பெரும்பயன் உணவுத்தொழிலில் உள்ளது. எலுமிச்சை, ஆரஞ்சு முதலிய மணவெண்ணெய்கள் நீரொடு கலவாதன. அவற்றைக் குளிர்பானத்தில் பிரியாது நிற்கச் செய்வது அரபுக் கோந்து. அதன் சருக்கரைத் தொடரோடு பிணைந்த சிறிதளவு புரதமே எண்ணெய்த் துளியைப் பற்றுகிறது என்பது இப்போது தெளிவாகியுள்ளது. மாற்றுப்பொருள் எளிதில் அமையாமையால், 1997இல் அமெரிக்கா சூடான்மீது வணிகத் தடை விதித்தபோதும் கோந்திற்கு மட்டும் வழி விடப்பட்டது. 2007இல் வாசிங்டனில் இருந்த சூடான் தூதர் செய்தியாளர் முன்னிலையில் குளிர்பானப் புட்டி ஒன்றை எடுத்துக்காட்டி, கோந்தை நிறுத்தினால் இதுவும் நிற்கும் எனக் குறிப்பாக எச்சரித்தார். 1969இல் அமைந்த சூடானியக் கோந்து நிறுவனத்தின் ஏற்றுமதித் தனியுரிமை 2009இல் நீங்கியது. 2023 ஏப்பிரலில் மூண்ட உள்நாட்டுப் போர் கோர்டோபானையும் தார்பூரையும் தொட்டபின், சூடானின் கோந்து அண்டை நாடுகளின் எல்லைகளைக் கடந்து அந்நாடுகளின் பெயரில் விலைபோகத் தொடங்கியுள்ளது. துருக்கிக் கோந்து, ஜெத்தாக் கோந்து என்னும் பெயர்கள் எவ்வாறு தோன்றியிருக்கும் என்பதை நம் காலத்திலேயே காண்கின்றோம்.

இறுதியாக, தமிழ்ச் சொல்லொன்றைப் பற்றிய குறிப்பு. 'பயின்' என்பது பிசினைக் குறிக்கும் பழஞ்சொல்லாக அகராதிகளில் உள்ளது. இன்றைய பேச்சில் இல்லை. மலையாள நாட்டில் அச்சொல் மரத்தின் பெயராய் வாழ்கிறது: மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் வெள்ளைக் குங்கிலிய மரத்தை அங்கு 'வெள்ளைப் பயின்' என்பர். அம்மரத்தின் குங்கிலியத்தைக் கொண்டு செய்த மெருகெண்ணெய் ஐரோப்பாவிற்குச் சென்றபோது சொல்லும் உடன் சென்று, ஆங்கிலத்தில் 'பைனி' ஆயிற்று. ஊசியிலை மரமாகிய 'பைன்' என்பதனோடு அதற்கு யாதொரு தொடர்புமில்லை. ஆயினும் ஒலியொப்புமை கண்டு அதனைப் பைன் மரத்துப் பொருள் எனக் கொள்ளுதல் எளிது. பழைய ஆங்கில வணிகக் குறிப்புகளைத் தமிழில் பெயர்ப்போர் அச்சொல் வருமிடத்தில் சற்று நின்று, அது இமயத்து மரமா, குடமலைப் பயினா என்பதை ஏற்றுமதியான துறைமுகத்தைக் கொண்டு துணிதல் தகும்.